கறி தொடாதவருக்குக் கொழுப்பு வந்தது எப்படி?

சர்க்கரை வியாதிக்காரர்கள் பார்க்க மறக்கும் நாலு எண்கள்

"சர்க்கரை எவ்வளவு அத்தை?"

"வெறும் வயித்துல 128-ஆம்."

"அப்பாடா! இனிக் கவலை இல்லை."

அறந்தாங்கியிலும், ஆலங்குடியிலும், பொன்னமராவதியிலும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். சர்க்கரை குறைந்துவிட்டது. மாமியாருக்கும் மகிழ்ச்சி, மருமகளுக்கும் மகிழ்ச்சி. ஆளுக்கொரு டீ. பிறகு பஸ் ஏறி ஊருக்கு.

மருமகளின் பையில் இன்னொரு சீட்டும் இருக்கிறது. அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அது கொழுப்புச் சீட்டு!

சர்க்கரை வியாதி உள்ளவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சர்க்கரை அல்ல. மாரடைப்பும், பக்கவாதமும்தான் முன்னால் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் கதவைத் திறந்துவிடுவது, ரத்தத்தில் நிலைமாறிப் போன கொழுப்பு. சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், உடம்பு இளைக்கும். கொழுப்பு ஏறினால் ஒன்றும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் சத்தம் போடாமல் வேலை செய்யும்.

ஒரு தாயார்

ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு தாயார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

வயது 58. சர்க்கரை வியாதி வந்து 8 ஆண்டுகள் ஆகின்றன. கணவர் காலமான பிறகு கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. நெய் ஊற்றிக்கொள்வதும் இல்லை. உடம்பு பருமன் அல்ல. வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கும்.

அவருடைய கொழுப்புச் சீட்டைப் பார்த்தார் டாக்டரம்மா. "ரத்தத்தில் கொழுப்பு சரியாக இல்லை. தினமும் ராத்திரி ஒரு மாத்திரை போட வேண்டும்" என்றார்.

தாயார் திகைத்துப் போனார்.

"என்னம்மா சொல்றீங்க! நான் கறி தின்னு மூணு வருசமாச்சே! எனக்கு எங்கேருந்து கொழுப்பு வரும்?"

நியாயமான கேள்விதான். இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர். கேட்காமல் வீட்டுக்குப் போய், "டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

சோறு கொழுப்பாகும் விந்தை

அந்தத் தாயார் ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறார்?

காலையில் ஐந்து இட்டிலி. பதினோரு மணிக்குக் காப்பித் தண்ணீர். மதியம் தட்டு நிறையச் சோறு. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. நாலு மணிக்கு டீயும் முறுக்கும். இரவில் மறுபடியும் சோறு.

இதில் கறி எங்கே? நெய் எங்கே? இல்லவே இல்லை. ஆனால், காலை முதல் இரவு வரை உள்ளே போவது மாவுச்சத்து. மாவுச்சத்து வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேருகிறது. உழைக்கிற உடம்பு அதை எரித்துவிடும். எரிக்காமல் மிஞ்சியதை என்ன செய்வது?

ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றிவிடுகிறது! வெளியிலிருந்து ஒரு சொட்டு நெய் வராவிட்டாலும், ஈரல் தானே கொழுப்பைச் சமைத்து ரத்தத்தில் அனுப்பிவிடும். இந்தக் கொழுப்புக்கு டிரைகிளிசரைடு என்று பெயர்.

இது எல்லாருக்கும் நடப்பதுதான். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் அளவு மீறுகிறது?

பழைய வீடுகளில் நெல் கொட்டி வைக்கும் குதிர் இருந்தது. அடியில் ஒரு சிறு வாய். அதை அடைத்து வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது திறந்து, வேண்டிய நெல்லை எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். நம் உடம்பிலும் கொழுப்பைச் சேமித்து வைக்கும் குதிர்கள் உண்டு. அவற்றின் வாயை அடைத்து வைப்பது இன்சுலின். சாப்பிட்டவுடன் இன்சுலின் சுரக்கும். "உணவு வந்துவிட்டது, சேமிப்பைத் தொடாதே" என்று கட்டளை போடும்.

சர்க்கரை வியாதியில் இன்சுலினின் கட்டளை எடுபடுவதில்லை. குதிரின் வாய் திறந்தபடியே கிடக்கிறது. கொழுப்பு ஒழுகி ஒழுகி ஈரலுக்குப் போகிறது. அங்கே ஏற்கனவே மாவுச்சத்து வந்து குவிந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து டிரைகிளிசரைடு மேலும் மேலும் உற்பத்தியாகிறது. அதை ரத்தத்திலிருந்து அப்புறப்படுத்தும் வேலையும் மந்தமாகிவிடுகிறது.

மிக அதிகமாகப் போனால் எடுத்த ரத்தத்தின் தெளிவு பாலைப்போல வெளுத்துத் தெரியும்! டிரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கி, வயிற்று வலியால் துடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆயிரத்தைத் தாண்டினால் அந்த ஆபத்து இன்னும் பெரிது. மது அருந்துகிறவர்களுக்கு இந்த எண் சீக்கிரம் ஏறும்.

வண்டியும் சரக்கும்

எண்ணெய் தண்ணீரில் கரையாது. ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆகவே கொழுப்பு ரத்தத்தில் தானாகப் போக முடியாது. அதற்கு வண்டி வேண்டும்.

அந்த வண்டிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, எல்.டி.எல். இது கொழுப்பைக் கொண்டுபோய் இறக்கும் வண்டி. இறக்கக் கூடாத இடத்தில், அதாவது ரத்தக்குழாய்ச் சுவரில், இறக்கிவிடுவதால் இதற்குக் 'கெட்ட கொழுப்பு' என்று பெயர் வந்துவிட்டது. மற்றது, எச்.டி.எல். சிதறிக் கிடக்கும் கொழுப்பை வாரி ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் வண்டி. இது 'நல்ல கொழுப்பு'.

தாயாரின் சீட்டில் இருந்த நாலு எண்கள் இவை:

மொத்தக் கொழுப்பு 180. கெட்ட கொழுப்பு 96. நல்ல கொழுப்பு 32. டிரைகிளிசரைடு 260.

மொத்தம் 200-க்குக் கீழே இருக்கிறது. கெட்டது 100-க்குக் கீழே இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால், "எல்லாம் சரி" என்று சீட்டை மடித்து வைத்துவிடலாம். அங்கேதான் ஏமாற்றம்!

டிரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். இவருக்கு 260. நல்ல கொழுப்பு பெண்களுக்கு 50-க்கு மேலும், ஆண்களுக்கு 40-க்கு மேலும் இருக்க வேண்டும். இவருக்கு 32-தான். டிரைகிளிசரைடு ஏறினால் நல்லது இறங்கும். சர்க்கரை வியாதியில் இந்த இரண்டும் ஜோடி போட்டுக்கொண்டுதான் வரும்.

கெட்டது 96 என்பதும் நம்பத் தகுந்ததல்ல. ஏன்?

ஒரு படி கடலையையும், ஒரு படி கேழ்வரகையும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு ஒன்றுதான். மணிகளை எண்ணினால்? கடலை குறைவு. கேழ்வரகை எண்ணி முடிக்கப் பொழுது போதாது. சாக்கில் சின்ன ஓட்டை விழுந்தால் கடலை சிந்தாது. கேழ்வரகு ஒழுகிவிடும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களின் கெட்ட கொழுப்பு கேழ்வரகு போன்றது. சிறிய, கெட்டியான துகள்கள். அளவில் 96 என்று தெரிந்தாலும், எண்ணிக்கையில் மிக அதிகம். ரத்தக்குழாய்ச் சுவரில் எளிதாக நுழைந்துவிடும். நுழைந்த இடத்தில் படியும். படிந்த இடம் ஒருநாள் வெடிக்கும். அங்கே ரத்தம் உறையும். இருதயத்துக்குப் போகும் குழாயில் உறைந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் உறைந்தால் பக்கவாதம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் போடலாம். மொத்தத்திலிருந்து நல்லதைக் கழிக்க வேண்டும். தாயாருக்கு 180-ல் 32 போக 148. சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு இந்த எண் 130-க்குள் இருக்க வேண்டும். 100-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. "எல்லாம் சரி" என்று தோன்றிய சீட்டு இப்போது வேறு கதை சொல்கிறதே!

பணக்கார வியாதியா?

ஒரு காலத்தில் சர்க்கரை வியாதியைப் பணக்கார வியாதி என்றார்கள். 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதே ஆண்டில்தான் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை வியாதிக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவுக்கே வழிகாட்டிய பிரிவு அது.

அன்று புதுக்கோட்டைச் சீமையில் வானம் பார்த்த பூமிதான் அதிகம். வரகும், கேழ்வரகும், கொள்ளும் விளைந்தன. கண்மாயில் தண்ணீர் இருந்தால் நெல். ஏற்றம் இறைத்து, ஏர் உழுது, மைல் கணக்கில் நடந்து, தின்றதை எரித்துவிட்டார்கள். அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று இருந்த வீடுகளை முதியவர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள்.

இப்போது மூன்று வேளையும் அரிசி. தண்ணீர் இறைக்க மோட்டார். கடைத்தெருவுக்குப் போக மோட்டார் சைக்கிள். வயிறு மட்டும் பழைய பசியை மறக்கவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை வியாதி என்று அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேர்! அதே ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாடு உள்பட நாலு பகுதிகளில் ரத்தக் கொழுப்பையும் சோதித்தார்கள். 2014-ல் அந்த முடிவு வந்தது. நூற்றுக்கு 79 பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு எண் சரியில்லை. நல்ல கொழுப்பு குறைந்தவர்கள் மட்டும் நூற்றுக்கு 72 பேர். இது சர்க்கரை வியாதிக்காரர்களை மட்டும் பார்த்த கணக்கு அல்ல, பொதுமக்கள் கணக்கு.

கோமாவை வென்றார்கள், பிறகு?

1922 ஜனவரியில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில், 14 வயதுச் சிறுவன் லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குப் போட்ட முதல் இன்சுலின் ஊசி அதுவே. அதற்கு முன் அந்த வயதில் சர்க்கரை வியாதி வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. மயக்கத்தில் விழுந்து கண் திறக்காமலே போய்விடுவார்கள்.

இன்சுலின் வந்தது. பிழைத்தார்கள். பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். ஆனால், டாக்டர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். பிழைத்தவர்களை மாரடைப்பு கொண்டுபோயிற்று! அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பெரிய சர்க்கரை வைத்தியர் எலியட் ஜோஸ்லின், இதில் கொழுப்புக்குப் பங்கு இருக்கிறது என்று 1927-லேயே எழுதினார். எச்சரித்தார். ஆனால், கையில் மருந்து இல்லை.

மருந்துக்கு இன்னும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அது கிடைத்த இடம் எது தெரியுமா?

ஓர் அரிசிக் கடை!

பூஞ்சையில் புதையல்

அகிரா எண்டோ என்பவர் ஜப்பான் விஞ்ஞானி. 1933-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயது முதலே காளான்களின் மேல் அவருக்கு ஆசை. மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

பூஞ்சைகளிலிருந்து பெனிசிலின் கிடைத்தது. அதைப்போல, கொழுப்பைக் குறைக்கும் பொருளும் ஏதாவது ஒரு பூஞ்சையில் ஒளிந்திருக்கலாம் அல்லவா? இப்படி நினைத்தார் எண்டோ. தேடத் தொடங்கினார். ஒன்றல்ல, இரண்டல்ல, 6 ஆயிரம் வகைகளைச் சோதித்தார்! 1973-ல், கியோட்டோ நகரத்துத் தானியக் கடை ஒன்றின் அரிசியில் படர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது அகப்பட்டது.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. கம்பெனிக்காரர்கள் கையை உதறினார்கள். எண்டோ விடவில்லை. முட்டையில் கொலஸ்டிரால் அதிகம், அப்படியானால் முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் அது அதிகமாக இருக்க வேண்டும் என்று யோசித்தார். கோழிகளுக்குக் கொடுத்தார். கொழுப்பு சரிபாதியாகக் குறைந்தது!

இந்த வகை மருந்துகளுக்கு ஸ்டேடின் என்று பெயர். 1987-ல் முதல் ஸ்டேடின் மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. எண்டோ 2024-ல் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கானவர்கள் தினமும் விழுங்கும் மருந்துக்கு வழி காட்டியவருக்குக் கிடைக்காதது விசித்திரம்தான்.

இந்த மாத்திரை என்ன செய்கிறது? ஈரலின் கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கிறது. தன் தேவைக்குப் போதாமல் போகவே, ஈரல் ரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. ரத்தம் சுத்தமாகிறது. ஈரலின் வாசலில் நின்று இப்படி இழுக்கும் கொக்கிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்கர்களுக்கு 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

பாதியில் நிறுத்திய சோதனை

"கெட்டது 96-தானே? அதற்கு ஏன் மாத்திரை?"

இதற்கும் விடை இருக்கிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சர்க்கரை வியாதி உள்ள 2,838 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 40 முதல் 75 வரை. ஒருவருக்கும் அதற்கு முன் மாரடைப்போ, பக்கவாதமோ வந்ததில்லை. கெட்ட கொழுப்பும் மிக உயர்ந்து இருக்கவில்லை. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அடார்வாஸ்டேடின் 10 மில்லிகிராம் மாத்திரை. மீதிப்பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சோதனையை 2003-ல், திட்டமிட்டதற்கு 2 ஆண்டுகள் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். ஏன்? மருந்து கெடுதல் செய்ததாலா? அல்ல! நன்மை அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவிட்டது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100 பேருக்கு மாரடைப்பு முதலிய ஆபத்துகள் வந்தால், மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேருக்குத்தான் வந்தன. பக்கவாதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. தெரிந்த பிறகும் பாதிப்பேருக்கு வெறும் மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருப்பது நியாயம் அல்ல என்பதால் நிறுத்தினார்கள்.

இதனால்தான் 40 வயதைத் தாண்டிய சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, கெட்ட கொழுப்பு அதிகம் இல்லாவிட்டாலும், டாக்டர்கள் இந்த மாத்திரையை எழுதுகிறார்கள். கெட்டது 100-க்குள் இருந்தால் போதும் என்றிருந்த காலம் மாறி, 70-க்குள் என்று ஆகிவிட்டது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 55-க்கும் கீழே கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

"மூன்று மாதம் சாப்பிட்டேன். குறைந்துவிட்டது. நிறுத்திவிட்டேன்." இப்படிச் சொல்கிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. மாத்திரையை நிறுத்தினால் ஈரல் பழைய வேலையைத் தொடங்கிவிடும். சில வாரங்களில் எண்கள் பழைய இடத்துக்கே போய்விடும். சிலருக்குத் தசைவலி வருவது உண்மை. சர்க்கரை இலேசாக ஏறுவதும் உண்டு. அதை டாக்டரிடம் சொன்னால் அளவை மாற்றுவார், அல்லது மருந்தை மாற்றுவார். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கொழுப்பு ஏறும், அதையும் அவர் பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நிறுத்துவதற்கு இது இருமல் மருந்து அல்ல.

சட்டியில் என்ன?

மாத்திரை கெட்டதை நன்றாகக் குறைக்கும். டிரைகிளிசரைடை ஓரளவுதான் குறைக்கும். அதற்கு அடுப்படியிலும், நடையிலும்தான் பெரிய வைத்தியம் இருக்கிறது. தொலைவில் தேட வேண்டாம்.

ஆலங்குடி அருகே வம்பன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தேசிய பயறு ஆராய்ச்சி மையம் நடக்கிறது. வம்பன்-8 என்ற உளுந்து ரகத்துக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. உளுந்தும், பாசிப்பயறும், தட்டைப்பயறும், கொள்ளும் சாப்பாட்டில் கூடி, சோறு அந்த அளவுக்குக் குறைந்தால் இரட்டை லாபம். சர்க்கரை மெதுவாக ஏறும். பயற்றின் நார் குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். பித்தநீர் செய்ய ஈரலுக்குக் கொலஸ்டிரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கேழ்வரகும் வரகும் நல்லவையே. ஆனால், சிறுதானியம் என்று பெயர் போட்டால் மூன்று தட்டுச் சாப்பிடலாம் என்று பொருள் அல்ல. அதிலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. சிறுதானிய முறுக்கு என்று விற்பதும் முறுக்குத்தான்!

கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, பாமாயிலா என்று பெண்கள் கேட்பார்கள். பாமாயிலில் ஏறக்குறையப் பாதி, கெட்ட கொழுப்பை ஏற்றும் வகையைச் சேர்ந்தது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது குறைவு. எதுவானாலும் அளவு முக்கியம். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால், நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்டிரால் இல்லாதது' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். செடியிலும் மரத்திலும் கிடைக்கும் எந்த எண்ணெயிலும் கொலஸ்டிரால் கணக்கில் சேராது. அதைப் பெருமையாகப் போட்டுக்கொள்வதில் என்ன இருக்கிறது?

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் கடற்கரை பக்கத்தில் இருக்கிறது. மத்தியும், கானாங்கெளுத்தியும் விலை மலிவு. அவற்றின் எண்ணெய்ச் சத்து இருதயத்துக்கு நல்லது. குழம்பு வைத்தால்தான் இந்தப் பேச்சு. எண்ணெயில் முக்கிப் பொரித்தால் வேறு பேச்சு. ஆதனக்கோட்டை முந்திரியும், ஆலங்குடிக் கடலையும் ஒரு பிடி கெடுதல் செய்யாது. வடகாட்டுப் பலாச்சுளைதான் சோதனை. இரண்டு சுளையோடு எழுந்திருப்பவர் அந்த வட்டாரத்தில் உண்டா?

சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் வேகமாக நடந்தால் டிரைகிளிசரைடு இறங்கும். நல்லது கொஞ்சம் ஏறும். வயிறு சுருங்கச் சுருங்கக் குதிரின் வாயும் அடைபடும்.

வலிக்காத மாரடைப்பு

ஒரு விஷயத்தைக் குடும்பத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். சினிமாவில் மாரடைப்பு வந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார்கள். நீண்டகாலச் சர்க்கரையில் நரம்புகள் மரத்துப் போயிருக்கும். நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரலாம்! திடீரென்று வேர்த்துக் கொட்டும். மூச்சு வாங்கும். வயிற்றைப் புரட்டும். "வாயுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். பொன்னான நேரம் போய்விடும்.

புதுக்கோட்டை முள்ளூரில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனால், மணமேல்குடியிலிருந்தோ, மீமிசலிலிருந்தோ அங்கே அரை மணியில் போய்ச் சேர முடியாது. அதற்காகத்தான் 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. மாரடைப்பு என்று தெரிந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வகை மாத்திரைகளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், மூன்றாவது அதே அடார்வாஸ்டேடின். வீட்டிலேயே எடுத்து விழுங்கக் கூடாது. 108-க்குப் போன் செய்வதுதான் வீட்டார் வேலை.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரைக்கும், ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் சர்க்கரை எவ்வளவு என்று கருவி சொல்லிவிடும். கொழுப்பு எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்கு ஊசியால் கையிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். முதல் நாள் இரவு சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. விருந்து சாப்பிட்ட மறுநாள் போகக் கூடாது. சர்க்கரை வியாதி என்று தெரிந்தவுடன் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. மாத்திரை தொடங்கியிருந்தால் இரண்டு, மூன்று மாதத்தில் மறுபடியும்.

ஆலங்குடித் தாயாரும் மூன்று மாதம் கழித்துப் போனார். சோறு ஒரு தட்டு அரைத் தட்டாகியிருந்தது. ராத்திரிச் சோற்றுக்குப் பதில் பயறு. மருமகள் தினமும் மாத்திரையைத் தண்ணீரோடு கையில் கொடுத்து, விழுங்கும் வரை நின்றாள்.

சீட்டை வாங்கி வாசித்தவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன்.

"மொத்தம் 138, அப்பத்தா. கெட்டது 69. அந்த மூணாவது இருக்குல்ல, 260, அது 170."

"நல்லது?"

"35."

"முன்னாடி எவ்வளவு?"

"32."

"மூணுதானா ஏறுச்சு?" என்றார் அப்பத்தா.

"அது மெதுவாத்தான் ஏறுமாம். டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப 138-ல 35 போனா எவ்வளவு, சொல்லு பார்ப்போம்!"

அப்பத்தா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.